மேலுமலையும் முக்கால் சுற்றும்

கங்கப்பனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் "எவ்வளவு?" என்று கேட்பான். கல்யாண வீட்டில் சாம்பார் ருசியாக இருந்தால் ஊரார் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். இவன் மட்டும் பந்தியிலிருந்து எழுந்துபோய், எத்தனை படி பருப்புக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று சமையற்காரரைக் குடைவான். மூக்கண்டப்பள்ளியில் அவன் குடியிருந்த வரிசை வீடுகளில் அவனைக் கண்டால் நழுவுகிறவர்கள் உண்டு. ஆனால் ஓசூர் தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்த்த இடத்துக்கு அந்த வியாதி நன்றாகவே பொருந்தியது. இரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்ட் பிரிவில் பதினோரு வருஷமாக உலையோடு உலையாக நிற்கிறவன் அவன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் அவனுடைய அக்கா நாராயணம்மா காவேரிப்பட்டினத்திலிருந்து ஆள் அனுப்பினாள். வண்டி விஷயம், உடனே வா என்று.

வண்டி என்றால், அக்கா புருஷன் திம்மப்பனுடைய டீசல் பிக்கப். மூன்று கை மாறி வந்தது, வயது பதின்மூன்று. சுற்று வட்டாரத்தில் கறக்கிற பாலை இருபத்தெட்டு கேன்களில் நிரப்பிக்கொண்டு தினம் காலை ஏழேகாலுக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி தாண்டி, மேலுமலை ஏறி, சூளகிரி வழியாக ஓசூர்ப் பால் பண்ணைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்பதரைக்கு மேல் வரும் பாலைப் பண்ணையில் தொடமாட்டார்கள். போன வாரம் மட்டும் இரண்டு நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு நாள் தாமதமானால் அந்த ரூட்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியும்விட்டார்கள். அந்த வீட்டுக்கு நிலம் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. அந்த ரூட்தான் எல்லாம்.

"மத்த எடத்துல நல்லாத்தாம்பா ஓடுது. மேலுமலை கிட்ட வந்தா போதும், ஃபர்ஸ்ட் கியரு. பக்கத்துல மாட்டு வண்டி போனாகூட அதுதான் முந்துது" என்றார் திம்மப்பன்.

"கொஞ்சம் சீக்கிரம் கெளம்பக் கூடாதா, மாமா?"

அதற்கு அக்காதான் பதில் சொன்னாள். "அரை மணி முன்ன கெளம்பணும்னா மாடு அரை மணி முன்ன சொரக்கணும். நீ போய் மாட்டுக்கிட்ட சொல்லு."

கிருஷ்ணகிரி மெக்கானிக் ஆஞ்சப்பனிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள். ஆஞ்சப்பன் எஞ்சினுக்குக் காது கொடுத்துக் கேட்டார், கையைத் துடைத்தார், டீசல் பம்பில் ஒரு சின்ன ஸ்க்ரூவைக் காட்டினார். அதன்மேல் மெல்லிய கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருந்தது.

"எஞ்சின் நல்லா இருக்குது. தீனிதான் பத்தல. இந்த ஸ்க்ரூவை உள்ள திருப்புனா டீசல் அதிகமா போவும். வண்டி பறக்கும்."

"எவ்வளவு திருப்பணும்?" கங்கப்பனுக்கு வியாதி வந்துவிட்டது.

"அரை சுத்து. முக்கா சுத்து. சில பேரு ஒரு சுத்தே திருப்புறான்."

"திருப்புனா எஞ்சின் எவ்வளவு சூடாவும்?"

ஆஞ்சப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவசரம் வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். "ஏமீ காதுப்பா, ஒண்ணும் ஆவாது. தண்ணி மீட்டரு இருக்குதில்ல, அதைப் பாரு."

"அது தண்ணியோட சூடு. நான் கேக்கறது உள்ள எரியற நெருப்போட சூடு."

அதைப் பார்க்க அந்த வண்டியில் ஒன்றும் இல்லை. கிருஷ்ணகிரியில் எந்த வண்டியிலும் இல்லை. பாலக்கோட்டுப் பக்கம் ஒருவன் ஒரு சுற்று திருப்பி, இரண்டு மாதம் ராஜாவாக ஓட்டி, மூன்றாம் மாதம் பிஸ்டன் உருகி நடுரோட்டில் நின்றானாம். அதை ஆஞ்சப்பனேதான் சொன்னார், ஒண்ணும் ஆகாது என்று சொன்ன அதே வாயால். கங்கப்பன் ஓசூர் திரும்பியதும் லாரிப் பட்டறை போர்மேன் ஒருவரை விசாரித்தான். புகைக்குழாய் ஆரம்பிக்கிற இடத்தில் அறுநூற்றைம்பது டிகிரி வரை தாங்கும், அதற்குமேல் போனால் பிஸ்டனுக்கு ஆயுசு இல்லை என்றார் அவர். எல்லை தெரிந்துவிட்டது. வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிட்டது களியா சோறா என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டான்.

மறுநாள் உலைக்கு முன்னால் நிற்கும்போது விடை கிடைத்தது. தினம் கையில் புழங்குகிற விஷயம்தான். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கல்லாக இறுகிவிடும். அதையே மறுபடி சூடு காட்டினால் கொஞ்சம் இளகும். எவ்வளவு சூடு காட்டினோமோ அவ்வளவு இளகும். எத்தனை டிகிரிக்கு எவ்வளவு இளகும் என்று சுவரில் அட்டவணையே தொங்குகிறது. அப்படியென்றால், இறுகிய இரும்புத் துண்டு ஒன்றைப் புகைக்குழாய்க்குள் வைத்து மேலுமலை ஏற்றி இறக்கினால், எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்த்து உள்ளே இருந்த சூட்டைச் சொல்லிவிடலாம் அல்லவா? கங்கப்பன் உலையைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்து உலைக்காரன் இவனுக்கு ஏதோ நல்ல சேதி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கம்பெனியில் இறுக்கிவிட்டுக் கழித்துப்போட்ட இரும்புப் பின்களில் விரல் நீளத்தில் பத்துப் பன்னிரண்டைத் தன் பிரிவு போர்மேனிடம் கேட்டு வாங்கினான். ஆஞ்சப்பன் புகைக்குழாயின் தலைப்பில் ஒரு துளை போட்டு, போல்ட் முனையில் பின்னைச் செருகி முடுக்கினார். ஈய முத்திரையை வெட்டி ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினார். அந்த இடத்தில் கங்கப்பன் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தான்.

மறுநாள் வண்டி மேலுமலையை செகண்ட் கியரில் ஏறியது. ஒன்பது இருபத்திரண்டுக்குப் பண்ணை வாசலில் நின்றது. திம்மப்பன் பாலை இறக்கிவிட்டு, பின்னைக் கழற்றித் துணியில் சுற்றி, தொழிற்சாலை கேட்டில் மச்சானுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடினம் பார்க்கும் மெஷின் சோதனைப் பிரிவு ராஜாத்தியின் பொறுப்பில் இருந்தது. அவள் தெற்கத்திக்காரி. "என்ன அண்ணாச்சி, இது நம்ம கம்பெனி சாமான் மாதிரி இல்லையே. அடுப்புல கெடந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே கரிபிடித்த பின்னைத் தேய்த்து மெஷினில் வைத்தாள். புகைக்குழாயில் வைக்கும்போது கடின எண் ஐம்பத்தெட்டு இருந்தது, இப்போது முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. கங்கப்பன் சுவர் அட்டவணைக்கு ஓடினான். ஐந்நூற்று அறுபது டிகிரி! எல்லைக்கு இன்னும் தொண்ணூறு இருக்கிறது. கண்ணால் பார்க்காத நெருப்பின் அளவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தொண்ணூறு டிகிரி சும்மா கிடக்கிறதே என்று திம்மப்பனுக்கும் ஆஞ்சப்பனுக்கும் கை ஊறியது. கங்கப்பனுக்கும் ஊறியது, அதை மறைப்பானேன். இன்னொரு கால் சுற்று திருப்பினால் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

அக்கா மட்டும் வண்டியருகே வந்து நின்றாள். "கங்கா, எனக்கு இந்த ஸ்க்ரூ, டிகிரி ஒண்ணும் புரியாது. நீ ஒரு வார்த்தை சொல்லு. தாங்குமா? வண்டி போச்சுன்னா நாங்க தெருவுலதான் நிக்கணும்."

"தாங்கும்க்கா. அளந்து பாத்துட்டுத்தானே சொல்றேன்."

"நீ சொன்னா சரி" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

முக்கால் சுற்றில் வண்டி மேலுமலையைத் தேர்டு கியரில் ஏறியது. பின் முப்பத்துமூன்று காட்டியது. அட்டவணைப்படி அறுநூற்றுப் பத்து. எல்லைக்கு நாற்பது டிகிரி மிச்சம். போதும், இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று கங்கப்பன் உத்தரவு போட்டான். பெரிய மனசு பண்ணியதுபோல அவனுக்கு ஒரு திருப்தி.

மூன்று வாரம் பால் ஒரு நாளும் பிந்தவில்லை. பண்ணைக்காரர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்னும் நான்கு கேன் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். திம்மப்பன் மீசையை முறுக்கிவிட ஆரம்பித்திருந்தார்.

தொழிற்பேட்டையில் மின்சாரப் பற்றாக்குறைக்காக கம்பெனிக்கொரு கிழமை லீவு விடுவார்கள். கங்கப்பன் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது வீடெல்லாம் பால் மணத்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு போய் ஓசூர் மலைக்கோயிலில் கும்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று அக்கா பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தாள். விறகடுப்பில் பெரிய சட்டி. அது போதாது என்று மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இன்னொரு வாணலி, ஸ்டவ் உறுமிக்கொண்டு எரிந்தது.

கங்கப்பன் இரண்டிலிருந்தும் ஒரு துளி எடுத்துத் தட்டில் வைத்தான். இரண்டும் ஒரே பழுப்பு நிறம்.

"ரெண்டும் ஒரே சூட்டுல கிண்டினியா அக்கா?"

"அதெப்படி? சட்டில காலேலருந்து கெடக்குது, தணல்லயே. இது இப்ப வெச்சது, கால் மணி நேரம்தான் ஆவுது."

"ஆனா நெறம் ஒண்ணா இருக்குதே?"

"நெறத்தைப் பாத்து அடுப்பைச் சொல்ல முடியுமாடா? எத்தினி நேரம் அடுப்புல கெடந்துச்சுன்னு தெரிய வேணாமா? சீக்கிரம் இந்த நெறம் வந்துச்சுன்னா தீ ஜாஸ்தின்னு அர்த்தம். எம்மாம் பெரிய கம்பெனில வேலை செய்யற, இதுகூடத் தெரியாதா?" அக்கா சிரித்துக்கொண்டே கிண்டினாள்.

கங்கப்பன் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தான். சுவரில் தொங்கும் அட்டவணையின் தலைப்பு அவன் கண் முன்னால் வந்து நின்றது. அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்: ஒரு மணி நேரம் உலையில் வைத்தால். பதினோரு வருஷமாக அவன் எந்தச் சாமானையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து உலையில் வைத்ததில்லை. அதனால் அந்த வரியை அவன் படிப்பதை விட்டே பத்து வருஷம் ஆகியிருந்தது.

திண்டாடிப்போய்த் திம்மப்பனிடம் கேட்டான். "மாமா, மேலுமலையில நல்ல செங்குத்து இருக்குதே, அது மட்டும் ஏற எத்தினி நேரம் ஆவுது?"

"எங்க மேடு? சும்மா மூணு நிமிஷம்! பீடியைப் பத்த வெச்சா பாதி ஆவறதுக்குள்ள மேல இருக்கறேன். லாரிக்காரனுங்க எல்லாம் ஒதுங்கி வழி உடறானுங்கப்பா!"

மூன்று நிமிஷம்! ஒரு மணி நேரத்தில் இளக வேண்டிய அளவு மூன்றே நிமிஷத்தில் இளகியிருக்கிறது. அப்படியானால் உள்ளே எரிந்த தீ எவ்வளவு?  எவ்வளவு என்று தெரியாமல் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லக் கங்கப்பனுக்கு வரவில்லை. அதுதான் அவன் குணம். வேண்டுமானால் குறை என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள் பொறுக்கலாம் என்று நினைத்து ஓசூருக்குத் திரும்பினான்.

சனிக்கிழமை அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். சாப்பாட்டு நேரத்தில் மீதியிருந்த பின்களை எடுத்து, வைத்த டிகிரியில் சூடு அப்படியே நிற்கிற உருகிய உப்புத் தொட்டியில் ஒவ்வொன்றாக முக்கினான். கையில் கடிகாரம். சரியாக மூன்று நிமிஷம், எடுத்துவிடு. சூட்டைக் கொஞ்சம் ஏற்று, அடுத்த பின், மூன்று நிமிஷம். ராஜாத்தி சாப்பிடாமல் கூடவே நின்று ஒவ்வொன்றையும் மெஷினில் வைத்து எண்ணைச் சொன்னாள். அறுநூற்றுப் பத்தில் வைத்த பின் முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை; அரைச் சுற்றுக்கு வந்த எண் அது, எல்லைக்குள்தான். அறுநூற்று நாற்பதில் முப்பத்தைந்து. முப்பத்துமூன்று காட்டிய பின், அறுநூற்று எழுபதில் கிடந்த பின்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படிப் போயிருச்சு?" என்றாள் ராஜாத்தி.

"இருபது டிகிரி எல்லை தாண்டி மூணு வாரமா ஓடுதும்மா. நான்தான் தாங்கும்னு சொன்னேன்."

நாளைக்கு அதே வண்டியில் நான்கு கேன் கூடுதலாக ஏறப்போகிறது. அக்காவும் ஏறப்போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி, மேலுமலையைத் தாண்டி, பால் வண்டி வருகிற பக்கத்தில் குருபரப்பள்ளியில் இறங்கினான். பையில் ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர். டீக்கடை எதிரில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வாங்கிய டீ ஆறி ஏடு கட்டியது. எட்டு மணிக்குப் பிக்கப் வந்தது, பின்னால் கருப்புப் புகை வாலாக நீள. கங்கப்பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் போய் நின்றுவிட்டான்.

"டேய், இன்னாடா ஆச்சு? வீட்ல யாருக்காவது ஏதாவதா?" அக்கா பதறிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. நான் சொன்ன கணக்கு தப்பு. தாங்காது. ஸ்க்ரூவைப் பின்னால திருப்பணும், இப்பவே."

திம்மப்பன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. "மூணு வாரமா நல்லாத்தானே ஓடுது? இப்ப திருப்புனா மறுபடி செகண்ட் கியரு. நாலு கேன் வேற எச்சா இருக்குது. இங்க நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் பால் போவுது மச்சான். இன்னைக்குத் திருப்பி அனுப்புனா ரூட்டே போச்சு. வழிய உடு!"

"ரூட்டு போனா வேற தேடலாம், மாமா. பிஸ்டன் உருகுனா…"

"எது தேடலாம்? நீ தேடிக் குடுப்பியா? நீதானே தாங்கும்னு சொன்ன?"

அந்தக் கேள்வி கங்கப்பனுக்கு நேராக நெஞ்சில் பட்டது. அதற்கு அவனிடம் எண் எதுவும் இல்லை. "ஆமா மாமா. நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன், தெரியல. என்னை மன்னிச்சுடுங்க" என்றான். குரல் உடைந்துவிட்டது. பத்து வயதுக்குப் பிறகு அக்கா எதிரில் அவன் அழுததே இல்லை.

நாராயணம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பால்கோவாத் தூக்கை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். போய் பானெட்டைத் தானே தூக்கிப் பிடித்தாள்.

"திருப்பு கங்கா."

"இந்தா, பால் என்னாவறது…" என்றார் திம்மப்பன்.

"மாடு நாளைக்கும் கறக்கும். எஞ்சினு கறக்குமா? அன்னைக்கு அவன் வார்த்தைய நம்பினேன். இன்னைக்கு தப்புன்னு சொல்றதுக்கு விடியக்காலம் பஸ் ஏறி வந்து நடுரோட்ல நிக்கறான். இதையும் நம்பறேன். திருப்புடா."

மஞ்சள் கோடு வரை கால் சுற்று. எஞ்சின் கொதிப்பில் விரல் சுட்டது. நட்டை முடுக்கி முடிக்க ஏழு நிமிஷம் ஆனது. கங்கப்பனும் வண்டியில் ஏறிக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது: இத்தனை பின் வைத்து அளந்தவன், பால் ஏற்றிய இந்த வண்டியில் ஒரு நாளும் மேலுமலை ஏறியதில்லை.

செங்குத்து ஆரம்பித்தது. வேகம் செத்தும் தேர்டு கியரையே பிடித்துக்கொண்டிருந்த திம்மப்பனின் கையைப் பார்த்து, "இப்பவே செகண்ட் போடுங்க மாமா, எஞ்சினை முக்க உடாதீங்க" என்றான். திம்மப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். எஞ்சின் குரலை உயர்த்திச் சீராகப் பாடிக்கொண்டு ஏறியது. கண்ணாடியில் கங்கப்பன் பின்னால் பார்த்தான். கருப்புப் புகை வால் இல்லை. ஒரு லாரி அவர்களை முந்திக்கொண்டு போனது. திம்மப்பன் அதன் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கங்கப்பன் கடிகாரத்தைப் பிடித்தபடியே இருந்தான். உச்சியில் மாரியம்மன் கல்லைத் தாண்டும்போது பார்த்தான். ஐந்து நிமிஷம்.

அவன் திகைத்துப்போனான். மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தான். மூன்று நிமிஷம் ஐந்து நிமிஷமாகியிருக்கிறது. அவ்வளவுதான்.

பண்ணை வாசலில் வண்டி நின்றபோது சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபத்தொன்பது காட்டியது. கேட்டில் இருந்தவர் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், கேன்களை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ரோட்டில் நின்ற ஏழு நிமிஷத்தையும் சேர்த்து வந்த நேரம் அது. திம்மப்பன் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அக்கா" என்றான் கங்கப்பன். "எல்லாத்தையும் அளந்தேன். அந்தக் கடைசிக் கால் சுத்து நமக்கு எத்தினி நிமிஷம் குடுத்துச்சுன்னு மட்டும் அளக்கல. ரெண்டு நிமிஷம். செங்குத்துல ரெண்டே நிமிஷம்தான்க்கா. அதுக்காக எஞ்சினையே அடுப்புல வெச்சிருந்தோம்."

நாராயணம்மா தூக்கைத் திறந்து, சாமிக்கென்று எடுத்து வைத்ததில் ஒரு விள்ளல் பால்கோவாவைக் கிள்ளித் தம்பி கையில் வைத்தாள்.

"ரெண்டு நிமிஷமா?" என்றாள். "நாளையிலருந்து ஏழு பதிமூணுக்குக் கெளம்பறோம். ரெண்டு நிமிஷம்னா மாடு கேக்கும்."